கூட்டத்தின் வாயும் சட்டத்தின் காதும்

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் இங்கிலாந்தின் பழைய மண்பாண்டத் தொழில் நகரம். அங்குள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு கால்பந்து ரசிகர்மீது வழக்கு. அவர் போர்ட் வேல் அணியின் ஆதரவாளர். ஓல்டம் அணி விளையாட வந்திருந்த நாளில், கேலரியில் நின்ற கும்பலோடு சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தினார் என்பது குற்றச்சாட்டு. உங்கள் ஊர் பூராவும் இன்னார்தானே என்பது அந்த வரியின் கருத்து. 'இன்னார்' என்ற இடத்தில், பாகிஸ்தானியர் என்ற சொல்லின் தலையை மட்டும் நறுக்கியெடுத்த ஒரு வசவு இருந்தது.

நீதிபதி அவரை விடுவித்தார். ஆஸ்திரேலியரை ஆஸி என்கிறோம், நியூசிலாந்துக்காரரைக் கிவி என்கிறோம், அதுபோல் இதுவும் ஒரு சுருக்கப் பெயர் என்றார். கோஷம் வெறும் உளறல்பாட்டு, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பது அவர் முடிவு.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2003இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆல்ட் தலைமையிலான அமர்வு அந்த விடுதலை தவறு என்றது. ஆஸி என்ற சொல் யாரையும் தெருவில் துரத்தியதில்லை. அந்த இன்னொரு சொல் இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக அடிக்கும் உதைக்கும் முன்னால் வருகிற சொல். அகராதியில் இரண்டும் ஒரே இனமாகத் தெரியலாம், காதில் விழும்போது அப்படி இல்லை. கேலரியில் இருந்த யாராவது ஒருவர் மனம் புண்பட்டதாகச் சாட்சி சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, கோஷத்தின் தன்மையே போதும் என்றது அமர்வு.

ஓல்டம் பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். ஆலைகளின் இரவு ஷிப்டுக்கு ஆள் போதாமல் பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்கதேசத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். 2001 மே மாதம் அந்த ஊரில் இனக் கலவரம் வெடித்திருந்தது. அதன் புண் ஆறாத நேரத்தில் எழுந்த கோஷத்தைத்தான் ஒரு நீதிபதி உளறல்பாட்டு என்று தள்ளினார். இந்த வழக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மைதானத்தில் எழும் வசவைச் சட்டம் தொடலாமா என்ற கேள்வி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. சொல் எவ்வளவு அசிங்கம் என்று பார்ப்பதா, அது யாரைக் குறிவைக்கிறது, அவர்களை என்ன செய்கிறது என்று பார்ப்பதா?

அந்த ரசிகர்மீது பாய்ந்த சட்டத்துக்கு ஒரு துயரமான பூர்வீகம் உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கினார்கள். இன்றைய கணக்கில் 97 பேர் பலி. விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தார். மைதானத்துக்குள் பொருள் எறிவது, தகுந்த காரணமின்றி ஆடுகளத்தில் இறங்குவது, ஆபாச அல்லது இனவெறிக் கோஷம் போடுவது ஆகிய மூன்றையும் தனிக் குற்றங்களாக்கச் சொன்னது அந்த அறிக்கை. அப்படி வந்ததுதான் 1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றங்கள் சட்டம். ஹில்ஸ்பரோவில் மக்கள் செத்தது கோஷத்தால் அல்ல. கூட்டத்தைக் கையாளத் தெரியாத போலீஸின் தவறுகளால். அதை ஒப்புக்கொள்ளாமல் ரசிகர்கள்மீதே பழிபோட்டார்கள். அது சட்டவிரோதக் கொலை என்று புது மரண விசாரணையில் ஜூரி சொல்வதற்கு 2016 வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டத்தின் மூன்றாம் பிரிவு சின்னது. ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து ஒரு மணி நேரம் வரை மைதானத்துக்குள் அது பொருந்தும். ஆபாசக் கோஷமும், நிறம், இனம், தேசியம், பூர்வீகம் காரணமாக ஒருவரை மிரட்டும், திட்டும், அவமதிக்கும் கோஷமும் குற்றம். கோஷம் என்றால் என்ன என்பதற்கு முதலில் கொடுத்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இன்னொருவரோடாவது சேர்ந்து திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான் கோஷம் என்று எழுதிவிட்டார்கள். தனியாக நின்று தொண்டை கிழியக் கத்தியவர் தப்பித்தார். 1999இல் 'தனியாகவோ சேர்ந்தோ' என்று திருத்தினார்கள்.

அபராதம் அதிகபட்சம் 1,000 பவுண்டு. உண்மையான அடி வேறிடத்தில் விழுகிறது. தண்டனையோடு கால்பந்துத் தடை உத்தரவு வரும். குறைந்தது மூன்று ஆண்டு, சிறைத்தண்டனையோடு சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. தன் அணி வெளிநாட்டில் ஆடும் நாட்களில் பாஸ்போர்ட்டைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை. பிறந்ததிலிருந்து ஒரே அணிக்குக் கத்தி வளர்ந்தவனுக்கு ஆயிரம் பவுண்டு போவதைவிட சனிக்கிழமை போவதுதான் வலிக்கும். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ரேஷ்ஃபர்ட், சாஞ்சோ, சாக்கா மூவர்மீதும் சமூக ஊடகத்தில் இனவெறிச் சாக்கடை கொட்டியது. அடுத்த ஆண்டே இணையத்தில் வெறுப்பைக் கக்குபவர்களுக்கும் இந்தத் தடை உத்தரவு நீட்டப்பட்டது.

சட்டத்தைப் பெற்ற துயரமே பின்னால் கேலிப்பொருளானதுதான் கொடுமை. 2023 ஜூன் மாதம் வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஒருவர் 97 என்ற எண்ணைப் போட்டு, செத்தவர்கள் போதாது என்ற பொருள்படும் சட்டை அணிந்து வந்தார். 1991ஆம் ஆண்டுச் சட்டம் அவரைத் தொட முடியாது. சட்டை கோஷம் ஆகாது, இறந்தவர்கள் ஓர் இனமும் இல்லை. பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் தண்டித்தார்கள். 1,000 பவுண்டு அபராதம், நான்கு ஆண்டுத் தடை.

சொல்லைப் பட்டியலிட்டுத் தடைசெய்தால் போதுமே என்று தோன்றும். டாட்டன்ஹாம் ரசிகர்கள் அதற்கு இடையூறு. வடக்கு லண்டனின் இந்த அணிக்கு யூத ஆதரவாளர்கள் அதிகம் என்பதால், எதிரணிக் கூட்டங்கள் யூதரைக் குறிக்கும் 'யிட்' என்ற வசவை வீசின. கூடவே நாஜிகளின் விஷவாயு அறையை நினைவூட்டும் சீறல் ஒலியும் எழுப்பின. டாட்டன்ஹாம் ரசிகர்கள், யூதரும் மற்றவரும் சேர்ந்து, அதே சொல்லை எடுத்துத் தங்களுக்குப் பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். 2013இல் அப்படித் தங்களையே அழைத்துக்கொண்ட மூன்று ரசிகர்கள் கைதானார்கள். அந்த ஆண்டு பிரதமர் கேமரனும் இது பற்றிப் பேசியிருந்தார். வெறுப்பாகச் சொன்னால் வழக்குப் போடலாம், தன்னையே சொல்லிக்கொண்டால் கூடாது என்பது அவர் வாதம். 2014 மார்ச்சில் வழக்கு கைவிடப்பட்டது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த யூதர்களில் பலர், யார் வாயிலிருந்து வந்தாலும் அது வலிக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2022இல் டாட்டன்ஹாம் கிளப்பே இந்தச் சொல்லைவிட்டு நகருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. போலீஸால் முடியாத வேலையை அணியும் ரசிகர்களும் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

எல்லையை விரித்தால் என்ன ஆகும் என்பதை ஸ்காட்லாந்து பட்டுத் தெரிந்துகொண்டது. கிளாஸ்கோவின் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகளுக்கு இடையிலுள்ள பகை விளையாட்டோடு நிற்பதில்லை. ஒரு பக்கம் அயர்லாந்திலிருந்து பஞ்சத்தில் வந்த கத்தோலிக்கர்களின் வழி, மறுபக்கம் பிரிட்டிஷ் முடியாட்சியைப் போற்றும் புராட்டஸ்டன்ட் மரபு. பாட்டுகள் எல்லாம் அந்த வரலாற்றிலிருந்தே வருகின்றன. 'ஃபேமின் சாங்' என்ற பாட்டு அயர்லாந்து வழி வந்தவர்களை ஊரைவிட்டுப் போகச் சொல்வது. கில்மார்னக் மைதானத்தில் அதைப் பாடிய ரேஞ்சர்ஸ் ரசிகருக்கு, பொது அமைதியைக் குலைத்ததாக வழக்கமான சட்டத்திலேயே தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் அதை உறுதிசெய்தது. பாட்டு ஒரு மக்கள் கூட்டத்தின் பூர்வீகத்தைக் குறிவைக்கிறது என்பது தெளிவாக இருந்ததால் தனிச் சட்டம் தேவைப்படவில்லை.

2011இல் நிலைமை முற்றியது. செல்டிக் பயிற்சியாளர் நீல் லெனனுக்குப் பார்சலில் வெடிகுண்டு போன்ற பொருள் அனுப்பினார்கள். மே மாதம் டைன்காசில் மைதானத்தில் ஒரு ரசிகர் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவந்து அவர்மீது பாய்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தாக்குதல் குற்றச்சாட்டு 'நிரூபிக்கப்படவில்லை' என்று ஜூரி சொன்னதையும் நாடு பார்த்தது. அரசு அவசரமாகப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. எதிர்க்கட்சிகள் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. 2012 மார்ச் 1 முதல், கால்பந்துத் தொடர்பாக 'நியாயமான ஒரு மனிதர் புண்படுத்துவதாகக் கருதக்கூடிய' நடத்தை, கலவரத்தைத் தூண்டக்கூடியதாக இருந்தால், ஐந்து ஆண்டு வரை சிறை என்று ஆனது. அதில் ஒரு விசித்திரமான உட்பிரிவும் இருந்தது. தூண்டப்படக்கூடியவர்கள் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் குற்றம் குற்றம்தான்.

அந்த உட்பிரிவு டிங்வாலில் சோதனைக்கு வந்தது. வடக்கே ஹைலண்ட்ஸ் பகுதியில் இருக்கும் சின்ன ஊர் அது. ராஸ் கவுன்டி அணியோடு ஆட வந்த செல்டிக் அணியின் ரசிகர் ஒருவர், ஐரிஷ் ஆயுதப் போராளிகளைப் புகழும் பாட்டுகளைப் பாடினார். உள்ளூர் ரசிகர்கள் கிளர்ந்தெழவில்லை, சண்டையும் இல்லை. கீழ் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2013இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கலவரப்படக்கூடிய ஆட்கள் அங்கே இருந்திருந்தால் என்று கற்பனை செய்து பார்த்தால் போதும் என்றே சட்டம் சொல்கிறது, நாங்கள் என்ன செய்வது என்பதுபோல் இருந்தது தீர்ப்பு. இல்லாத ஆட்களின் கோபத்துக்காக இருக்கும் ஆளைத் தண்டிக்கும் இடத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்தது. டண்டீ நகரின் ஷெரிஃப் நீதிபதி ஒருவர் படுமோசமாக எழுதப்பட்ட சட்டம் இது என்று திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். செல்டிக் ரசிகர்களும் ரேஞ்சர்ஸ் ரசிகர்களும் ஒன்றை ஒருமித்து எதிர்த்தது அநேகமாக இதை மட்டும்தான். 2018 மார்ச் 15 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 62க்கு 60 என்ற வாக்கில் அதை நீக்கியது.

புண்படுத்துவது என்ற அளவுகோல் ஏன் தோற்றது? அரசியல் பாட்டு யாரையாவது புண்படுத்தத்தான் செய்யும். நம்மூரில் எந்தக் கொடியைத் தூக்கினாலும் ஒருவருக்கு எரியும். எரிச்சலைக் குற்றத்தின் அடையாளமாக்கினால் எவரைப் பிடிப்பது என்பது அன்றைக்கு அங்கே நிற்கும் கான்ஸ்டபிளின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும். பிறப்பைக் குறிவைக்கும் வசவு அப்படிப்பட்டதல்ல. அதற்கு ஒரு முகவரி இருக்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1971இல் கோஹன் வழக்கில், கட்டாய ராணுவ சேவையைக் கெட்ட வார்த்தையால் திட்டும் வாசகத்தை மேல்கோட்டில் எழுதிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்ற வராந்தாவில் நடந்தவரைத் தண்டிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஒருவருக்கு ஆபாசமாகப் படுவது இன்னொருவருக்குக் கவிதை என்பது தீர்ப்பின் சாரம். 1990 உலகத் தொடர் பேஸ்பால் ஆட்டத்தில் பைபிள் வசன எண் எழுதிய பதாகையை சின்சினாட்டி மைதானத்தில் பிடுங்கினார்கள். 'நல்ல ரசனை' இல்லாத பதாகை கூடாது என்ற அங்கத்திய விதி தெளிவற்றது என்று 1993இல் நீதிமன்றம் அடித்துவிட்டது. மைதானம் நகராட்சிக்குச் சொந்தம் என்பதால் அரசியல் சட்டம் உள்ளே வந்தது. 2004 ஜனவரியில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அரங்கில், டியூக் அணியின் ஜே.ஜே. ரெடிக்கைப் பார்த்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் கெட்ட வார்த்தைக் கோஷம் போட்டு, அது தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் போனபோதும் பிரச்சினை இதுவே. அது மாநில அரசின் பல்கலைக்கழகம். கவனமாக எழுதினால் ஒரு நடத்தை விதி செல்லுபடியாகலாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் கருத்துச் சொன்னது. பல்கலைக்கழகமோ மாணவர்களிடமே பேசித் திருத்தும் வழியை நம்பியது.

மைதானம் தனியாருடையதாக இருந்தால் கதை தலைகீழ். 2019 மார்ச்சில் யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியின் அரங்கில் எதிரணி வீரர் ரஸல் வெஸ்ட்புரூக்கோடு வார்த்தையில் மோதிய ரசிகருக்கு அணி வாழ்நாள் தடை போட்டது. இனவெறியாகப் பேசவில்லை என்று சாதித்த அவர் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், அது தள்ளுபடியானது. இந்த அதிகாரத்தின் வேர் பழைய இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. டான்காஸ்டர் பந்தயத் திடலில் ஒரு கினி கொடுத்து டிக்கெட் வாங்கியவரை வெளியே தள்ளினார்கள். காசு திரும்பத் தரவில்லை, காரணமும் சொல்லவில்லை. 1845இல் வுட் எதிர் லெட்பிட்டர் வழக்கில், டிக்கெட் என்பது உரிமையாளர் நினைத்தால் திரும்பப் பெறக்கூடிய அனுமதி மட்டுமே என்று தீர்ப்பானது. இன்று நம் டிக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

வசவு வீசுபவரை வாசலில் நிறுத்த இது வேகமான வழி, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வாசலில் பதாகை பிடித்தவரையும் நிறுத்தலாம், நிர்வாகத்தை விமர்சிப்பவரையும் நிறுத்தலாம். நீதிமன்றத்தில் சாட்சி வேண்டும், குறுக்கு விசாரணை உண்டு. டிக்கெட் கவுன்டரில் இரண்டும் இல்லை. வாழ்நாள் தடை போடும் எந்தக் கிளப்பும் எழுத்தில் காரணம் கொடுத்து, எதிர்வாதம் கேட்டு, மேல்முறையீட்டுக்கு இடம் வைக்க வேண்டும் என்பதையாவது சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

எந்தச் சட்டமும் எட்டாத வசவும் உண்டு. கண்டித் தமிழரான முத்தையா முரளிதரனை 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் நடுவர் டேரல் ஹேர், பந்தை எறிகிறார் என்று சொல்லி, மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ-பால் என்று அறிவித்தார். அதன்பின் ஆஸ்திரேலிய மைதானங்களில் அவர் கை சுழலும்போதெல்லாம் கேலரி 'நோ-பால்' என்று கூவியது. ஆபாசம் இல்லை, இனப்பெயர் இல்லை, கிரிக்கெட் விதிப் புத்தகத்தில் உள்ள சொல். 2004இல் பிரதமர் ஜான் ஹோவர்டே அவர் பந்தை எறிகிறார் என்ற பொருளில் பேசினார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை.

அதே நாட்டின் ஆடம் குட்ஸ் கதை இன்னும் கசப்பானது. ஆஸ்திரேலியக் கால்பந்தின் மாபெரும் பழங்குடி வீரர். 2013 மே மாதம் மெல்பர்னில் வேலிக்கு அப்பால் இருந்து ஒரு குரல் அவரைக் குரங்கு என்றது. திரும்பி விரல் நீட்டினார். கத்தியது 13 வயதுச் சிறுமி. அவளைப் பழிக்காதீர்கள், அவளுக்கு ஆதரவு கொடுங்கள் என்று மறுநாள் கேட்டுக்கொண்டார். அதன்பின் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் 'ஊ' என்ற கூச்சல் எழத் தொடங்கியது. 2015இல் மைதானம் மைதானமாக அது அவரைத் துரத்தியது. எதிரணி வீரரைப் பார்த்துக் கூச்சலிடுவது விளையாட்டில் சகஜம்தானே என்றார்கள். அந்தக் கூச்சலில் ஒரு சொல்கூட இல்லை, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அந்த ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். லீக் நிர்வாகமும் 18 கிளப்புகளும் 2019இல் மன்னிப்புக் கேட்டன. ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் 2015இலும் இருந்தது.

2021 ஜனவரி 10, சிட்னி. முகமது சிராஜ் எல்லைக்கோட்டிலிருந்து நடந்து வந்து நடுவரிடம் முறையிட்டார். சுமார் பத்து நிமிடம் டெஸ்ட் நின்றது. ஆறு பேரைப் போலீஸ் கேலரியிலிருந்து வெளியேற்றியது. இந்திய வீரர்கள் இனவெறி வசவுக்கு ஆளானது உண்மை, அந்த ஆறு பேர் அதைச் செய்தவர்கள் அல்ல என்று பின்னர் ஆஸ்திரேலிய வாரியத்தின் விசாரணை சொன்னது. சிட்னியில் இது புதிதல்ல, முந்தைய பயணங்களிலும் கேட்டிருக்கிறோம் என்று அன்று செய்தியாளர்களிடம் அஸ்வின் சொன்னார். நாம் கொதித்தோம். 2007 அக்டோபரில் மும்பை வான்கடேயில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைப் பார்த்து நம் கேலரி குரங்குபோல் ஒலியெழுப்பியது எத்தனை பேர் நினைவுக்கு வந்தது?

இந்தியாவில் மைதானத்துக்கென்று இங்கிலாந்தைப்போல் தனிச் சட்டம் இல்லை. தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் திட்டினார் என்று புகார் போனால் பழைய பழக்கத்தில் 294(பி) என்று எழுதுவார்கள், இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296. அது ஆபாசத்துக்கான பிரிவு. தமிழ்நாட்டிலிருந்து போன மதனகோபால் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், வெறுமனே திட்டுவதும் இழிவுபடுத்துவதும் ஆபாசம் ஆகாது என்று தெளிவாக்கிவிட்டது. ஆக, பச்சையான கெட்ட வார்த்தைக்கு ஒருவேளை வழக்கு நிற்கும், ஒருவரைப் பார்த்துக் குரங்குபோல் ஒலியெழுப்பி அவமதித்தால் அந்தப் பிரிவில் நிற்பது கடினம். நம்மிடம் உள்ள கூர்மையான கருவி வேறொன்று. 1989ஆம் ஆண்டு எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லி வேறு சாதியினர் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஊர்க் கபடிக் களமோ ஐம்பதாயிரம் பேர் அமரும் ஸ்டேடியமோ, அதைவிடப் பொதுப் பார்வையுள்ள இடம் எது? போர்ட் வேல் வழக்கில் பாய்ந்த இனவெறிக் கோஷ விதி போலவே இதுவும் சொல்லின் அசிங்கத்தை அளப்பதில்லை, பிறப்பைக் குறிவைக்கிறதா என்று கேட்கிறது. நிறத்துக்கும் பிறந்த பகுதிக்கும் மதத்துக்கும் மைதான அளவில் அதேபோன்ற குறுகிய, தெளிவான ஒரு பிரிவு நமக்கு வேண்டும். எல்லாரையும் வாயடைக்கும் சட்டம் வேண்டாம்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் பெரும்பாலும் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா 1-2 என்று தோற்றது. காலியான கேலரிக்குப் பதிலாக, ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் உள்ள அவர் வீட்டு வாசலில் ஆட்கள் கூடினார்கள். பட்டாசு வெடித்து ஆடினார்கள். தலித் வீராங்கனைகள் அணியில் இருப்பதால்தான் தோற்றது என்று சாதி சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. எஸ்.சி./எஸ்.டி. சட்டத்தில் வழக்குப் பதிவானது, கைதுகளும் நடந்தன. டோக்கியோவில் இருந்த வந்தனாவுக்கு இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. ஆகஸ்ட் 6, வெண்கலத்துக்காக பிரிட்டனோடு. இந்தியாவின் மூன்றாவது கோலை அவர்தான் அடித்தார்.